சேலம் ஜவ்வரிசித் தொழிலும் சித்தேரி மலையும்: தொழிலறிவு பரவிய வரலாறு

சித்தேரி மலை தருமபுரி மாவட்டத்தில் அரூரை அடுத்து அமைந்துள்ளது. கிழக்குத் தொடர்ச்சி மலைத்தொடரின் ஒரு பகுதியான இம்மலையில் மலையாளி பழங்குடியினர் வாழ்கின்றனர். சாமை, தினை, கேழ்வரகு ஆகியவற்றோடு மரவள்ளியும் இங்கு பயிராகிறது. மலையில் பறித்த கிழங்கு அடிவாரத்துக்கு இறங்கி, சேலம், நாமக்கல், தருமபுரி மாவட்டங்களின் ஆலைகளில் ஜவ்வரிசியாகவும் ஸ்டார்ச்சாகவும் மாறுகிறது. அங்கிருந்து மராட்டியம், குஜராத், மத்தியப் பிரதேசம் எனப் பல மாநிலங்களின் நோன்புக்கால அடுக்களைக்குப் போய்ச் சேர்கிறது.

இத்தொழில் எந்த ஆய்வகத்திலும் பிறக்கவில்லை. அயல்நாட்டிலிருந்து திரும்பிய ஒருவரின் அனுபவமும், ஒரு வணிகரின் கவனிப்பும், ஒரு மெக்கானிக்கின் கைத்திறனும் சேர்ந்த இடத்தில் அது தொடங்கியது. பின்னர் ஆலையிலிருந்து ஆலைக்கு, பட்டறையிலிருந்து பட்டறைக்கு அறிவு பரவி, ஒரு கொட்டகை அளவில் இருந்த தொழில் நாட்டின் ஜவ்வரிசி உற்பத்தியில் பெரும்பகுதியைத் தரும் வட்டாரத் தொழிலாக வளர்ந்தது. அதே அறிவு ஆலைகளுக்கிடையே ஓடிய வேகத்தில் மலைக்கு ஏறவில்லை என்பதும் இந்த வரலாற்றின் பகுதியே.

பெயரும் பயிரும்

ஜவ்வரிசி முதலில் மரவள்ளியிலிருந்து செய்யப்பட்ட பொருளன்று. தென்கிழக்காசியத் தீவுகளில் வளரும் சேகோ பனையின் தண்டிலுள்ள மாவைத் திரட்டி உருண்டைகளாக்குவதே அதன் பழைய முறை. ‘சாகு’ என்ற மலாய்ச் சொல்லே ‘சேகோ’ ஆயிற்று. ஜாவாவிலிருந்து வந்த அரிசி போன்ற பொருள் என்பதால் ‘ஜாவா அரிசி’ எனப்பட்டு, அது ‘ஜவ்வரிசி’ ஆனதாகப் பொதுவாகக் கூறப்படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலாயாவின் சீனத் தோட்டக்காரர்கள் மரவள்ளி மாவிலிருந்தும் இதே போன்ற மணிகளைச் செய்து ஏற்றுமதி செய்தனர். இந்தியாவுக்கு வந்த சரக்கு மலாயா, சிங்கப்பூர், ஜாவா ஆகிய இடங்களிலிருந்து கப்பலில் வந்தது.

மரவள்ளி தென்னமெரிக்கப் பயிர். போர்த்துகீசியர் வழியாகக் கேரளக் கரைக்கு வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் இதன் சாகுபடியை ஊக்குவித்தார். அரிசி போதாத மக்களுக்கு இது உணவாகப் பயன்பட்டது. சேலம், தருமபுரி வட்டாரத்தில் இதைக் குச்சிக்கிழங்கு என்பர். விதையின்றித் தண்டின் குச்சியை நட்டே பயிரிடுவதால் வந்த பெயர் அது. இந்தக் குச்சி பின்னால் மீண்டும் வரும்.

1943: மூவர் சேர்ந்த தொழில்

1942-இல் மலாயா, சிங்கப்பூர், பர்மா ஆகியவை ஜப்பானியர் வசமாயின. அரிசியும் சேகோவும் வந்த கடல்வழி அடைபட்டது. அயல்நாட்டு மக்காச்சோள மாவுக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது. சேலத்தைச் சேர்ந்த மாணிக்கம் செட்டியார் கருவாட்டு வணிகத்துக்காகக் கேரளம் சென்றுவருபவர். அங்கே மரவள்ளி மாவு, மக்காச்சோள மாவுக்கு மாற்றாகப் பயன்படக்கூடியது என்பதைக் கண்டார். மாவை எடுப்பது ஒரு வேலை, அதை மணியாக்குவது வேறொரு வேலை. அந்த இரண்டாவது வேலையை அறிந்தவர் பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷா. மலாயாவில் சேகோ செய்யும் முறை அவருக்குத் தெரிந்திருந்தது. இருவரும் சேர்ந்து 1943-இல் சேலத்தில் ஜவ்வரிசி உற்பத்தியைத் தொடங்கினர் என்பதே தொழில்துறையினர் பதிவுசெய்துள்ள வரலாறு.

முதல் முறை மிக எளியது. ஈரமாவைச் சாக்குத் துணியில் இட்டுத் தொட்டில் போல ஆட்டினால் மாவு உருண்டு மணிகளாகும். அந்த மணிகளைச் சட்டியில் வறுத்து உலர்த்துவர். இப்படி நாளொன்றுக்கு 100 கிலோ மூட்டை இரண்டுதான் கிடைத்தது. தேவையோ அதைவிடப் பன்மடங்கு. இங்கேதான் மூன்றாமவர் வருகிறார். சேலத்து மெக்கானிக் வெங்கடாசலக் கவுண்டர் கிழங்கை அரைக்கவும் மாவைப் பிரிக்கவும் பொறிகளைத் திருத்தி அமைத்தார். உற்பத்தி நாளொன்றுக்கு 25 மூட்டை அளவுக்கு உயர்ந்ததாகக் கூறப்படுகிறது.

தொழில்வரலாறுகள் முதலாளிகளின் பெயரைக் காக்கும் அளவுக்கு மெக்கானிக்குகளின் பெயரைக் காப்பதில்லை. வெங்கடாசலக் கவுண்டரின் பெயர் நிலைத்தது விதிவிலக்கு. வணிகரும் பினாங்குக்காரரும் கொண்டுவந்தது செய்தி. அதைச் சேலத்துக் கிழங்குக்கும் சேலத்துத் தண்ணீருக்கும் சேலத்தில் கிடைத்த இரும்புக்கும் பொருத்தியது அவருடைய பட்டறை.

1944-இல் உணவுப் பஞ்சம் கடுமையாக இருந்தபோது மரவள்ளியை ஸ்டார்ச்சுக்கும் ஜவ்வரிசிக்கும் பயன்படுத்தக் கூடாது எனச் சேலம் ஆட்சியர் தடை விதித்தார். பட்டினிக் காலத்தில் கிழங்கு உணவாகவே இருக்கவேண்டும் என்ற எண்ணம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் புதிதாக முளைத்த ஆலைகளுக்கு அது உயிர்ப்பிரச்சினை. அவை மேலிடத்தில் முறையிட்டுத் தடையை நீக்கிக்கொண்டன. போர் முடிந்ததும் வெளிநாட்டுச் சரக்கு மீண்டும் வரத் தொடங்கியது. அதைக் கட்டுப்படுத்தக் கோரியும் உற்பத்தியாளர்கள் ஒன்றுசேர்ந்து அரசை அணுகினர். ஒருவருக்கொருவர் போட்டியாளர்களாக இருந்தவர்கள் கூடிப் பேசும் வழக்கம் இப்படி நெருக்கடிகளில் உருவாயிற்று.

அன்றைய சேலம் மாவட்டத்தில் தருமபுரியும் அடக்கம். 1965 அக்டோபர் 2 அன்றே தருமபுரி தனி மாவட்டமாயிற்று. ஆகவே சித்தேரி மலை தொடக்கம் முதலே இத்தொழிலின் எல்லைக்குள் இருந்தது.

பட்டறைகள் வழியே

ஆலையின் வேலைமுறையைத் தெரிந்துகொண்டால்தான் அறிவு எப்படிப் பரவியது என்பது விளங்கும். கிழங்கை எடைபோட்டு, தோல் நீக்கி, கழுவி, அரைப்பானில் இடுவர். சுழலும் உருளையின் முரட்டுப் பரப்பு கிழங்கைத் துருவிக் கூழாக்கும். கூழை நீரோடு சல்லடைகளில் ஓட்டினால் பால் ஒருபுறமும் திப்பி மறுபுறமும் பிரியும். பால் தொட்டிகளில் பல மணிநேரம் நின்று தெளியும். அடியில் மாவு கட்டியாகப் படியும். அந்த ஈரமாவை உதிர்த்து, ஆட்டி மணியாக்கி, அளவுவாரியாகச் சலித்து, வறுப்பர் அல்லது ஆவியில் வேகவைப்பர். வறுத்தது மாவு ஜவ்வரிசி, வேகவைத்தது நைலான் ஜவ்வரிசி. பிறகு பரந்த சிமென்ட் களங்களில் வெயிலில் காயவைப்பர். திப்பி மாட்டுத்தீவனமாகிறது. சேலம் வட்டாரத்தின் வறண்ட வெயில் இத்தொழிலுக்குச் செலவில்லாத உலைபோல. மழை மிகுந்த கேரளத்தில் கிழங்கு ஏராளமாக விளைந்தும் ஜவ்வரிசித் தொழில் சேலத்தில் நிலைகொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தச் செய்முறையில் மூடிவைக்கக்கூடிய ரகசியம் குறைவு. தொட்டியும் களமும் திறந்தவெளியில் உள்ளன. அரைப்பானைச் செய்துகொடுத்த பட்டறையே அடுத்த ஆலைக்கும் செய்துகொடுத்தது. ஓர் ஆலையின் உருளையில் பல்லை மாற்றியதால் மாவு கூடுதலாகக் கிடைத்தால், அதைச் செய்த ஃபிட்டர் அடுத்த வாடிக்கையாளருக்குச் சொல்லாமல் இருக்க மாட்டார். மாவு தெளியும் பதம் அறிந்த தொழிலாளி கூலி உயர்ந்த ஆலைக்கு மாறும்போது அந்தப் பதமும் அவரோடு மாறியது. உறவினர்கள் அடுத்தடுத்த ஊர்களில் ஆலை வைத்தபோது, ஒருவர் கட்டிய தொட்டியின் அளவைப் பார்த்தே மற்றவர் கட்டினார்.

இதே நிகழ்வை வேறு நாட்டு அறிஞர்கள் வேறு தொழில்களில் கண்டு எழுதியுள்ளனர். ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-இல் வெளியான தம் பொருளாதார நூலில், ஒரே தொழில் ஓரிடத்தில் குவியும்போது அதன் நுட்பங்கள் அவ்வூர்க் காற்றில் கலந்தவை போல எல்லோருக்கும் தெரியவருகின்றன என்றார். ராபர்ட் ஆலன் 1983-இல் எழுதிய ஆய்வில் இங்கிலாந்தின் கிளீவ்லாந்து இரும்பு உலைகளை எடுத்துக்கொண்டார். 1850-களில் 50 அடி உயரமாக இருந்த உலைகள் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் 80 அடிக்கு உயர்ந்தன. இதை எந்த ஒரு நிறுவனமும் தனியே கண்டுபிடிக்கவில்லை. ஒருவர் சற்று உயர்த்திக் கட்டினார், எரிபொருள் மிச்சமானதை மறைக்காமல் சொன்னார், அடுத்தவர் இன்னும் சற்று உயர்த்தினார். ஆலன் இதைக் கூட்டுக் கண்டுபிடிப்பு என்றார்.

ஆனால் செய்தி காதில் விழுந்தால் மட்டும் நிறுவனம் கற்றுக்கொள்வதில்லை. வெஸ்லி கோஹன், டேனியல் லெவிந்தால் ஆகியோர் 1990-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தனர். வெளியிலிருந்து வரும் அறிவின் மதிப்பை உணர்ந்து, உள்வாங்கி, பயன்படுத்தும் திறன் ஒரு நிறுவனத்திடம் முன்பே ஓரளவு இருக்கவேண்டும். அத்திறனும் அதே துறையில் முன்பு பட்ட அனுபவத்திலிருந்தே வருகிறது. தமிழில் இதை ஏற்புத்திறன் எனலாம். பினாங்கு முறையைக் கேட்டறிந்த எல்லா ஊரிலும் ஜவ்வரிசித் தொழில் வளரவில்லை. அதை இரும்பில் வடித்துக்காட்டும் பட்டறைகள் சேலத்தில் இருந்தன.

ஆலைகளின் கழிவுநீர் இதற்கு இன்னொரு சான்று. மாவு தெளிந்தபின் வெளியேறும் நீர் புளித்துக் கடும் நாற்றம் வீசும். ஓடைகளும் கிணறுகளும் கெட்டதால் ஊர்மக்களின் எதிர்ப்பும் மாசுக் கட்டுப்பாட்டு விதிகளும் ஆலைகளை நெருக்கின. அந்நீரை மூடிய தொட்டியில் நொதிக்கவிட்டு எரிவாயு எடுக்கும் முறை வந்தபோது முதலில் பலர் தயங்கினர். வாயுவைக் கொண்டு மின்சாரம் எடுத்த ஆலையின் மின்கட்டணம் குறைந்ததைக் கண்ட பிறகு தயக்கம் குறைந்தது. பக்கத்து ஆலையின் கணக்கைவிட நம்பிக்கையான விளம்பரம் கிடையாது.

சேகோசர்வ்

எல்லோரும் ஒரே நுட்பத்தை அறிந்திருந்தால் எல்லோரும் ஒரே சரக்கைச் செய்வர். செய்முறையை நன்கு பகிர்ந்துகொண்ட ஆலைகள் விற்பனையில் தனித்தனியே நின்றன. சரக்கை வைத்திருக்கக் கிடங்கு இல்லை, அதுவரை தாங்க முதலும் இல்லை. தரகு வணிகர்களிடம் முன்பணம் பெற்றவர் அவர்கள் சொன்ன விலைக்கே விற்கவேண்டியிருந்தது. வடக்கே என்ன விலை போகிறது என்ற செய்தி வணிகரிடம் இருந்தது, ஆலைக்காரரிடம் இல்லை.

இந்நிலையை மாற்ற 1981-இல் சேலம் ஸ்டார்ச் மற்றும் ஜவ்வரிசி உற்பத்தியாளர் சேவைத் தொழில் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. சேகோசர்வ் என்பதே அதன் புழங்குபெயர். உறுப்பினர் ஆலைகள் சரக்கைச் சங்கத்தின் கிடங்கில் சேர்த்து, அதன் பேரில் கடன் பெறலாம். சரக்கின் மாதிரியை ஆய்வகத்தில் சோதிப்பர். வணிகர்கள் மாதிரியைப் பார்த்து மறைமுக ஒப்பந்தப்புள்ளி முறையில் விலை கேட்பர்.

சேகோசர்வின் முதன்மையான பணி விற்பனை என்றாலும், ஆலைகள் கற்றுக்கொள்ள அது செய்த உதவி வேறிடத்தில் இருந்தது. அதுவரை தன் சரக்கின் தரத்தை ஆலைக்காரர் தன் கண்ணால் மட்டுமே அறிந்தார். இப்போது ஒரே கூரையின் கீழ் நூற்றுக்கணக்கான ஆலைகளின் மாதிரிகள் வரிசையாக வைக்கப்பட்டன. எந்த மாதிரிக்கு என்ன விலை கிடைத்தது என்பது அன்றே தெரிந்தது. தன் சரக்கு ஏன் மூட்டைக்குக் குறைவாகப் போனது என்பதை, அதிக விலை பெற்ற சரக்கை அருகில் வைத்துப் பார்த்தே ஒருவர் கற்றார். பட்டறைகள் ‘எப்படிச் செய்வது’ என்பதைப் பரப்பின என்றால், சேகோசர்வின் மேசை ‘எது விலைபோகிறது’ என்பதைப் பரப்பியது.

வெண்மைப் போட்டி

விலைபோனது வெண்மை. வாங்குவோர் கண்ணுக்கு வெளுப்பான மணியே சுத்தமானதாகத் தோன்றியது. கிழங்கின் தோலை முழுமையாக நீக்கி, நல்ல நீரில் கழுவி, பாலைப் போதிய நேரம் தெளியவைத்தால் மாவு இயல்பாகவே வெள்ளையாக இருக்கும். அதற்கு ஆள்கூலியும் நீரும் நேரமும் வேண்டும். தோலோடு அரைத்து, ரசாயனத்தால் வெளுப்பது செலவு குறைந்த குறுக்குவழி. வெளுப்பான்களும் அமிலங்களும் ஆலைகளுக்குள் நுழைந்தன. மரவள்ளி மாவில் விலை மலிந்த மக்காச்சோள மாவைக் கலக்கும் பழக்கமும் சேர்ந்தது.

இந்தக் குறுக்குவழிகளும் அரைப்பானின் பல் பரவிய அதே வழியில்தான் பரவின. வேலை மாறிய தொழிலாளி, பொருள் விற்பவர், பக்கத்து ஆலை. தொழில்வட்டாரங்களைப் பற்றிய ஆய்வுகள் அறிவுப் பரவலை நன்மையாகவே எழுதும் போக்கு உண்டு. சேலத்து அனுபவம் அதை அப்படியே ஏற்க இடம்தரவில்லை. வழி நல்லதையும் கெட்டதையும் பிரித்துப் பார்ப்பதில்லை. நேர்மையாகத் தோல் நீக்கிய ஆலையின் சற்றே மங்கலான ஜவ்வரிசி மேசையில் தோற்றது. தோற்றவர் ஒன்று தொழிலைவிட்டார் அல்லது தானும் வெளுக்கக் கற்றார்.

உணவுப் பாதுகாப்புத் துறையின் சோதனைகளும் சரக்குப் பறிமுதலும் வந்தபின் நிலைமை மாறத் தொடங்கியது. மாதிரியைக் கண்ணால் பார்ப்பதோடு நில்லாமல் ரசாயனச் சோதனைக்கும் உட்படுத்த வேண்டியதாயிற்று. வேகமாகத் தோலுரிக்கும் இயந்திரங்களுக்குத் தேவை கூடியது. இயல்பான நிறமுள்ள ஜவ்வரிசியை வாங்குமாறு நுகர்வோரைக் கேட்கும் பிரசாரமும் நடந்தது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் தனி ஆலைக்குரியதாக இல்லாமல் வட்டாரத்துக்கே உரியதாகும்போது, ஓர் ஆலையின் கலப்படம் எல்லா ஆலைகளின் பெயரையும் கெடுக்கும்.

பாயிண்ட்: மலைக்கு ஏறாத அறிவு

ஆலைக்கும் ஆலைக்கும் இடையே இவ்வளவு தாராளமாக ஓடிய அறிவு, ஆலைக்கும் கிழங்கு விளைவித்தவருக்கும் இடையே ஓடவில்லை. அதைப் புரிந்துகொள்ள ‘பாயிண்ட்’ என்ற ஒரு சொல் போதும்.

கிழங்குக்கு ஆலை தரும் விலை எடையை மட்டும் பொறுத்ததன்று. அதிலுள்ள மாவுச்சத்தின் அளவைப் பாயிண்ட் கணக்கில் பார்த்து, ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு ரூபாய் என டன்னுக்கு விலை கட்டுவர். மாவுச்சத்து மிகுந்த கிழங்கு அடர்த்தி மிகுந்தது. நீருக்குள் எடைபோட்டால் அதன் எடை கூடுதலாக இருக்கும் என்பது இத்தகைய அளவீட்டின் அடிப்படை. கணக்கு எளிது. ஆனால் கருவி ஆலையில் உள்ளது, மாதிரியை எடுப்பவரும் எண்ணைப் படிப்பவரும் ஆலைக்காரர். ஒன்றிரண்டு பாயிண்ட் குறைந்தாலும் ஒரு லாரிக் கிழங்கில் விவசாயிக்கு ஏற்படும் இழப்பு சிறியதன்று. அளவீடு தங்கள் கண்முன் நடக்கவேண்டும் என்பது மரவள்ளி விவசாயிகள் முத்தரப்புக் கூட்டங்களில் தொடர்ந்து வைக்கும் கோரிக்கை.

மலையில் விளைவிப்பவருக்கு இது இன்னும் கடினம். பறித்த மரவள்ளி இரண்டு மூன்று நாட்களில் உட்புறம் நீலக்கோடிட்டுக் கெடத் தொடங்கும். நெல்லைப் போல விலை வரும்வரை வைத்திருக்க முடியாது. சித்தேரியிலிருந்து கிழங்கு வளைந்திறங்கும் மலைப்பாதையில் வண்டியேறி அடிவாரத்தைக் கடந்து ஆலை சேரவேண்டும். பாயிண்ட் குறைவு என்று சொன்னால் திருப்பி ஏற்றிவர வழியில்லை. பெரும்பாலும் இடைத்தரகரே வயலில் பேசி எடுப்பதால், எந்த வயல் கிழங்கு எத்தனை பாயிண்ட் காட்டியது என்பது விளைவித்தவருக்குத் திரும்பி வருவதில்லை.

இழப்பு அந்த ஆண்டின் பணத்தோடு முடிவதில்லை. சில செய்திகள் தெரிந்தால் விவசாயி அடுத்த ஆண்டு வேறுவிதமாகச் செய்வார். வறட்சிக்குப்பின் மழை பெய்து செடி துளிர்த்தால் கிழங்கிலுள்ள மாவு கரைந்து தளிருக்குப் போகும். அப்போது பறித்தால் பாயிண்ட் குறையும். ரகத்துக்கு ரகம் மாவுச்சத்து மாறும். வயது முதிராமல் பறித்தாலும் முற்றவிட்டாலும் வேறுபடும். வயலின் பெயரோடு எண் திரும்பி வந்திருந்தால் மலைவிவசாயி தாமே இவற்றைக் கணித்திருப்பார். சாமையில் எந்த ரகம் எந்தச் சரிவுக்கு ஏற்றது என்று தலைமுறைகளாகக் கணித்தவர்கள் அவர்கள். ஏற்புத்திறனுக்குக் குறைவில்லை, செய்திதான் வரவில்லை. ஆலைகளுக்கும் இதில் இழப்பு உண்டு. அவை வாங்கும் கிழங்கின் தரம் உயர, எண் வயலுக்குத் திரும்புவதே மலிவான வழி.

அருகிலுள்ள கொல்லிமலையில் மரவள்ளி பரவியதால் சாமை, தினை பரப்பு சுருங்கியதை எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நீண்டகாலம் ஆராய்ந்து, சிறுதானியங்களை மீட்கும் பணியையும் செய்துவந்துள்ளது. பணப்பயிராக வந்த கிழங்கு உணவுப்பயிரின் இடத்தைப் பிடிக்கும்போது, விலையை அளக்கும் கருவி யாரிடம் உள்ளது என்பது வீட்டின் உணவையும் தீர்மானிக்கிறது.

குச்சியும் மாவுப்பூச்சியும்

மலைக்கும் சமவெளிக்கும் இடையே தடையின்றிச் சென்ற ஒன்று உண்டு. அது நடவுக்குச்சி. புதிய ரகம் நன்றாக விளைகிறது என்று கேள்விப்பட்டால் உறவினரிடமோ சந்தையிலோ ஒரு கட்டுக் குச்சி வாங்கி நடுவர். திருவனந்தபுரத்தில் 1963-இல் நிறுவப்பட்ட மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 1971-இல் வெளியிட்ட எச் 165, எச் 226 ஆகிய ரகங்கள் தமிழ்நாட்டின் ஆலைப் பகுதிகளில் பரவியதில் இந்தக் கைமாற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையமும் புதிய ரகங்களைத் தந்துள்ளது. ஆனால் குச்சியோடு தேமல் நோயும் வரும். மாவுப்பூச்சியும் வரும்.

2008-இல் கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி மூன்றையும் அது தாக்கியது. பூச்சிமருந்தால் அடங்கவில்லை. அப்பூச்சியின் உடலில் முட்டையிட்டு அதை அழிக்கும் சிறு குளவியினம் 2010-இல் பூர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவரப்பட்டுப் பெருக்கி விடப்பட்டது. சில மாதங்களில் பூச்சி கட்டுக்குள் வந்தது. இந்த அனுபவத்தால் வெளிநாட்டு ஒட்டுண்ணியை அனுமதி பெற்று வரவழைக்கவும், தனிமைப்படுத்திச் சோதிக்கவும், பெருக்கி விவசாயிகளிடம் சேர்க்கவும் பெங்களூரு ஆய்வகமும் தமிழ்நாட்டு வேளாண் நிலையங்களும் பழகிக்கொண்டன.

பத்தாண்டு கழித்து அது பயன்பட்டது. 2020-இல் கேரளத்தின் திருச்சூரில் மரவள்ளி மாவுப்பூச்சி என்ற வேறோர் இனம் தென்பட்டது. விரைவில் சேலம், நாமக்கல், தருமபுரி வயல்களில் குருத்துகள் சுருண்டு, இலை உதிர்ந்து, செடிகள் குட்டையாயின. தென்னமெரிக்கப் பூச்சியான இது 1970-களிலேயே ஆப்பிரிக்காவுக்குள் புகுந்து கோடிக்கணக்கானோரின் உணவை அச்சுறுத்தியது. அதன் இயற்கை எதிரியைத் தேடிய ஆய்வாளர்கள் 1981-இல் பராகுவே நாட்டில் அனகைரஸ் லோபெசி என்ற குளவியைக் கண்டனர். ஆப்பிரிக்கா முழுவதும் அதைப் பரப்பும் பணிக்குத் தலைமை வகித்த ஹான்ஸ் ஹெரன் 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார். 2008-இல் அதே பூச்சி தாய்லாந்தைத் தாக்கியபோது, அடுத்த ஆண்டே பெனின் நாட்டிலுள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனத்திலிருந்து குளவி அங்கு சென்றது. இந்தியாவும் 2021-இல் அதே இடத்திலிருந்து அதைப் பெற்றது. பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சிவளங்கள் அமைவகம் அதைப் பெருக்கியது. 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் நிலையத்தில் குளவிகள் விவசாயிகளிடம் வழங்கப்பட்டன.

பராகுவேயில் கண்ட ஒரு பூச்சி பெனின் வழியாக ஏத்தாப்பூர் வரை வந்துசேர நாற்பது ஆண்டுகள் ஆயின. அங்கிருந்து மலைவயலுக்கு உள்ள தூரம் மிகக் குறைவு. ஆனால் குளவியோடு சேர்ந்து ஒரு செய்தியும் போகவேண்டும்: குளவி விட்ட வயலில் பூச்சிமருந்து அடித்தால் மாவுப்பூச்சியைவிடக் குளவியே முதலில் சாகும். மருந்துக் கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார். சில மாதம் பொறுத்திருக்கச் சொல்லி, பாதிக்கப்பட்ட குருத்தைக் கிள்ளி எரிக்கவும், அடுத்த நடவுக்கு நோயற்ற செடியில் மட்டும் குச்சி எடுக்கவும் காட்டிக்கொடுக்க ஆள் நேரில் வரவேண்டும். ஆலைக்குக் கிழங்கு ஏற்றிச்செல்லும் லாரி பெரும்பாலும் வெறுமையாகவே மலையேறி வருகிறது.